ஹோல்ட் கழுவும் கருவிகள்: 500 பார் மெஷினுக்கு முன்னால் ஏர் கன் வாங்குங்கள்

நிலக்கரியோ பெட்கோக்கோ (பெட்ரோலியம் சுத்திகரிப்பில் மிஞ்சும் கரி) இறக்கிவிட்டு அடுத்து கோதுமை ஏற்றப் போகிற பல்க் கேரியருக்கு, அதாவது சரக்கை மூட்டையில்லாமல் கொட்டி ஏற்றும் கப்பலுக்கு, நடுவில் சரக்கில்லாமல் ஓடும் பாலாஸ்ட் பயணம்தான் ஹோல்ட் எனும் சரக்கறையைக் கழுவும் நேரம். பல சமயம் நான்கைந்து நாள்தான். அதற்குள் எல்லா ஹோல்டும் ‘கிரெயின் கிளீன்’ ஆக வேண்டும். பழைய சரக்கின் துகள், வாடை, பூச்சி, உதிரும் துரு, உரியும் பெயின்ட் எதுவும் இருக்கக் கூடாது. சர்வேயர் ஒரு ஃப்ரேமின் (பக்கச் சுவரைத் தாங்கும் இரும்பு விலா) பின்பக்கம் விரலை ஓட்டி, விரல் கறுத்தால் ஹோல்ட் ஃபெயில். திரும்பக் கழுவும் வரை கப்பல் ஆஃப்ஹையர், அதாவது வாடகை நின்றுவிடும்.

இந்த வேலைக்கென்று சப்ளையர்கள் காட்டும் கருவிகள் மூன்று வகை: காற்றும் தண்ணீரும் சேர்த்து அடிக்கும் ஏர் கன், ஹைபிரஷர் மெஷின், நீளக் கம்புடன் வரும் கெமிக்கல் ஸ்ப்ரே செட். இவற்றோடு கப்பலில் ஏற்கெனவே இருக்கும் ஃபயர் ஹோஸையும் சேர்த்து ஒப்பிட்டிருக்கிறோம். அளவுகோல், ஐந்து ஹோல்டும் நான்கு கிரேனும் உள்ள சூப்ராமேக்ஸ் என்ற நடுத்தர பல்க் கேரியர். டேங்க் டாப் எனும் ஹோல்டின் தரையிலிருந்து ஹேட்ச் கோமிங் (ஹோல்டின் வாயைச் சுற்றிய விளிம்புச் சுவர்) உச்சி வரை கிட்டத்தட்ட 18 மீட்டர், அதாவது ஆறு மாடி உயரம். கருவி எதுவானாலும் முதல் கேள்வி இந்த உயரத்தை எட்டுமா என்பதுதான். விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் பார் (அழுத்த அலகு) கணக்கு இதற்குப் பதில் சொல்லாது.

அழுக்கு எங்கே தங்குகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். டேங்க் டாப்பும் அதன் இரு பக்கமும் எழும் ஹாப்பர் சரிவும் கை எட்டும் இடங்கள், அங்கே பிரச்சினை குறைவு. சிங்கிள் ஸ்கின் (பக்கச் சுவர் ஒற்றைத் தகடு) கப்பலில் பக்கவாட்டு ஃப்ரேம்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் அடி பிராக்கெட்டிலும் கரி குவியும். ஹோல்டுகளைப் பிரிக்கும் சுவரான கருகேட்டட் பல்க்ஹெட்டின் மடிப்புகள், அதன் மேல்முனையிலுள்ள அப்பர் ஸ்டூலின் விளிம்பு, ஹோல்டுக்குள் இறங்கும் ஆஸ்திரேலியன் லேடரின் படித்தட்டுகள், நீர்மட்டம் அளக்கும் சவுண்டிங் பைப்பை மூடியிருக்கும் பைப் கார்டின் உட்பக்கம், ஹோல்டை மூடும் ஹேட்ச் கவரின் அடிப்புறச் சட்டங்கள் ஆகியவைதான் சர்வேயர் டார்ச் அடித்துப் பார்க்கும் இடங்கள். பெரும்பாலும் பத்து மீட்டருக்கு மேலே.

ஃபயர் ஹோஸ்

இதை ஏளனமாகப் பார்க்க வேண்டாம். 16 மி.மீ. நாசிலில் 6 பார் அழுத்தம் கிடைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 420 லிட்டர், மணிக்கு 25 டன் தண்ணீர் வரும். தாரையின் தள்ளுவிசை ஏறக்குறைய 24 கிலோ. இரும்புத் தாது, தானியம் போன்ற ஒட்டாத சரக்குகளுக்கு இதுவே போதும். குறை என்னவென்றால் மேலே போகப் போகத் தாரை பிரிந்து, 12 மீட்டர் தாண்டியதும் கழுவும் வேகம் போய் நனைக்கும் வேகம்தான் மிஞ்சும். இன்னொன்று, 24 கிலோ தள்ளும் ஹோஸை ஒருவர் அரை மணி பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. கை தளர்ந்ததும் தாரை ஒரே இடத்தைச் சுற்றும், மேல் பாதி அப்படியே நிற்கும்.

ஹைபிரஷர் மெஷின்

விலைப் பட்டியலில் கண்ணைப் பறிப்பது இதுதான். 500 பார், நிமிடத்துக்கு 30 லிட்டர், 440 வோல்ட் மோட்டார். கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 லிட்டரை 500 பாரில் தள்ள 25 கிலோவாட் சக்தி வேண்டும், அதனால் மோட்டார் 30 கிலோவாட் அளவில் வரும். இவ்வளவு செய்தும் தாரையின் தள்ளுவிசை சுமார் 16 கிலோதான், ஃபயர் ஹோஸை விடக் குறைவு. வெளியே வரும் தண்ணீர் ஃபயர் ஹோஸில் வருவதில் பதினான்கில் ஒரு பங்கு. மெல்லிய தாரை காற்றில் சீக்கிரம் புகையாகிவிடும். நாசிலுக்கு முன்னால் 30 முதல் 50 செ.மீ. வரை கத்தி மாதிரி வெட்டும். இரண்டு மீட்டர் தள்ளிப் போனால் அந்த வெட்டு போய்விடும்.

ஆக, 18 மீட்டர் ஹோல்டுக்கு இதை மட்டும் வாங்கினால் ஆளை அந்த உயரத்துக்குத் தூக்க வேண்டும். செர்ரி பிக்கரோ அலுமினிய ஸ்காஃபோல்டோ வேண்டும். பாலாஸ்டில் கப்பல் உருளும்போது உச்சியில் நின்று லான்ஸ் (தண்ணீர் அடிக்கும் நீளக் குழாய்) பிடிப்பது எந்த ரிஸ்க் அசெஸ்மென்ட்டிலும் தேறாது.

அதைவிடப் பெரிய தொல்லை பெயின்ட். பழைய எபாக்ஸி ஒரு ஓரத்தில் தூக்கியிருந்தால் 500 பார் தாரை அதை உள்ளங்கை அகலத்துக்கு உரித்துவிடும். கரி போய்விடும், ஆனால் அதுவரை ஒட்டியிருந்த பெயின்ட் உதிரும் செதிலாக மாறியிருக்கும். தானிய சர்வேயரின் கணக்கில் இறுகப் பிடித்த துரு ஒரு குறையல்ல, உதிரும் செதில்தான் குறை. மெனக்கெட்டுக் கழுவி ஃபெயில் வாங்குவது இப்படித்தான். ஃப்ரேமில் அடிக்கும்போது அழுத்தத்தை 200 பாருக்குக் கீழே இறக்குங்கள், விசிறி நாசில் போடுங்கள், தாரையைச் சாய்வாக விடுங்கள்.

இது ஜெயிக்கும் இடங்களும் உண்டு. கோமிங் உச்சியில் ஹேட்ச் ரப்பர் அழுந்தும் கம்ப்ரெஷன் பாரை ஒட்டிய வடிகால் கால்வாய், ஹேட்ச் கவர்கள் சேரும் கிராஸ் ஜாயின்ட், இறுகிப்போன சிமென்ட், பெயின்ட் அடிப்பதற்கு முன் துரு எடுப்பது, ஆள் உயரம் வரையிலான ஹாப்பர் சரிவு. ஹேட்ச் ரப்பர் பேக்கிங் பக்கம் மட்டும் லான்ஸைத் திருப்பவே கூடாது. ரப்பரின் மேல் தோல் கிழிந்தால் அந்த இடத்தில் தண்ணீர் ஊறும், ஹேட்ச் நீர் புகாமல் மூடுகிறதா என்று பார்க்கும் அடுத்த அல்ட்ராசோனிக் டெஸ்டில் காட்டிக் கொடுக்கும்.

பராமரிப்பில் இது செல்லப்பிள்ளை. கடல் தண்ணீர் ஓட்டினால் ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும், இல்லையென்றால் வால்வும் சீலும் அரித்துப் போகும். இன்லெட் ஃபில்டர் அடைத்தாலோ வரத்துத் தண்ணீர் குறைந்தாலோ பம்ப் கேவிடேட் ஆகும், அதாவது உள்ளே நீராவிக் குமிழி உருவாகி வெடிக்கும். அதிர்வோடு ஒரு கரகரப்பு கேட்கும். அப்போதே நிறுத்தாவிட்டால் பிளஞ்சர் சீல் செட் மாற்றும் வேலை வரும். நாசில் துளை தேய்ந்தால் அழுத்தம் ஏறாது. பலர் பம்பைக் கழற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில்தான் நாசிலுக்கு வருவார்கள். வரிசையைத் திருப்பிப் போடுங்கள்.

மதிப்பெண் ஐந்துக்கு இரண்டரை. துரு எடுக்கும் மெஷினாக வாங்கினால் நான்கு.

ஏர் கன்

இதுதான் பரிந்துரை. உள்ளே பெரிய விஞ்ஞானம் கிடையாது. ஃபயர் லைன் தண்ணீர் பின்னாலிருந்து வரும், டெக் ஏர் லைனிலிருந்து 7 பார் காற்று நாசிலுக்குச் சற்று முன் அதோடு சேரும். காற்று விரிந்து தண்ணீரைக் கட்டி கட்டியாக வெளியே தள்ளும். நல்ல கன் 18 மீட்டர் ஹோல்டின் உச்சியில் ஹேட்ச் கவரின் அடியைத் தட்டும், தட்டுகிற சத்தம் கீழே கேட்கும். சத்தம் கேட்காமல் சொட்டு மட்டும் விழுந்தால் எட்டவில்லை என்று அர்த்தம்.

வாங்கும்போது தாரை நீளத்தை மட்டும் கேட்காதீர்கள். ஸ்டாண்ட் வருகிறதா என்று கேளுங்கள். கையில் பிடிக்கும் மாடல் வேண்டாம். தரையில் உட்காரும், மேலும் கீழும் பக்கவாட்டிலும் திரும்பும், திருப்பிய இடத்தில் பூட்டி நிறுத்தக்கூடிய ஸ்டாண்ட் வேண்டும். கனின் ஏர் நுழைவில் நான்ரிட்டர்ன் வால்வு (ஒரு பக்கம் மட்டும் ஓடவிடும் வால்வு) உள்ளதா என்று கட்டாயம் பாருங்கள். மலிவான சிலவற்றில் வெறும் பால் வால்வுதான் இருக்கிறது. தண்ணீர் 7 பாரில் இருக்கும்போது ஏர் 5 பாருக்கு இறங்கினால் கடல் தண்ணீர் டெக் ஏர் லைனுக்குள் ஏறும். இரண்டு நாள் கழித்து காற்றில் ஓடும் துரு தட்டும் சிப்பிங் ஹேமரில் துருத் தண்ணீர் ஒழுகும்போதுதான் தெரியும், அதற்குள் லைன் முழுக்க உப்பு. நான்ரிட்டர்ன் வால்வுக்கு முன்னால் ஒரு பிரஷர் கேஜும் இருந்தால் கவலையில்லை. ஏர் அழுத்தம் தண்ணீர் அழுத்தத்துக்குக் கீழே போனால் காற்றை மூடிவிட்டு கம்ப்ரெஸருக்கு நேரம் கொடுங்கள்.

ஏர் எப்போது இறங்கும்? இரண்டு கன், கூடவே ஒரு டயாஃப்ரம் பம்ப், எங்கேயோ ஒருவர் நீடில் கன் வைத்து டெக்கில் தட்டுகிறார் என்றால் இறங்கத்தான் செய்யும். கழுவும் நாளில் சிப்பிங்கை நிறுத்திவிடுங்கள். இன்ஜின் ரூமில் முன்கூட்டிச் சொல்லி இரண்டாவது கம்ப்ரெஸரைத் தயாராக வைக்கச் சொல்லுங்கள்.

இயக்கும் வரிசை எளிது, ஆனால் மாற்றக் கூடாது. முதலில் தண்ணீர், பிறகு மெதுவாகக் காற்று. நிறுத்தும்போது முதலில் காற்று, பிறகு தண்ணீர். ஏர் ஹோஸின் கிளா கப்ளிங் ஒவ்வொன்றிலும் சேஃப்டி பின்னும், கழன்ற ஹோஸ் சாட்டைபோல் வீசாமல் பிடிக்கும் விப் செக் கயிறும் போட வேண்டும். அழுத்தத்தில் கழன்ற ஏர் ஹோஸ் காலை உடைக்கும்.

வைக்கும் இடத்தில்தான் பாதி வெற்றி. ஹோல்டின் நட்ட நடுவில் கன்னை வைத்துச் சுற்றிலும் அடித்தால் எல்லாம் நனைந்தது போல் தெரியும். ஆனால் முன்பாதியில் ஒவ்வொரு ஃப்ரேமின் முன்முகமும், பின்பாதியில் பின்முகமும் தாரைக்கு மறைவில் நின்றிருக்கும், கரி அங்கேயே இருக்கும். ஆகவே ஒரு ஹோல்டுக்கு இரண்டு இடம்: முன் பல்க்ஹெட்டை ஒட்டி ஒன்று, பின் பல்க்ஹெட்டை ஒட்டி இன்னொன்று. ஒவ்வொரு இடத்திலிருந்தும் எதிர்ப் பக்கக் கோடி வரை அடிக்க வேண்டும். ஹேட்ச் கவரின் அடி முதலில், அப்புறம் கோமிங், மேல் மூலையிலுள்ள டாப்சைட் டேங்கின் சரிவு, ஃப்ரேம் இடைவெளிகள் ஒவ்வொன்றாக மேலிருந்து கீழ், கடைசியில் ஹாப்பர். அவசரத்தில் ஹாப்பரை முதலில் கழுவினால் மேலிருந்து விழும் கரியால் இரண்டாம் முறை கழுவ வேண்டும்.

ஹோல்டின் பின்கோடியில் டேங்க் டாப்பிலிருந்து அரை மீட்டர் உயரத்திலும், அதற்கு மேலே ஹோல்ட் ஆழத்தில் 15 சதவீதத்துக்குக் குறையாத, ஆனால் 2 மீட்டரைத் தாண்டாத உயரத்திலும் வாட்டர் லெவல் சென்சர்கள் இருக்கும். அவற்றின் மேல் தாரையை நேராக நிறுத்தாதீர்கள். கழுவி முடித்ததும் சென்சர் உறைக்குள் கரிச்சேறு அடைத்திருக்கிறதா என்று பார்த்து, அலாரத்தை டெஸ்ட் செய்துவிடுங்கள்.

மதிப்பெண் நான்கரை. அரை மதிப்பெண் குறைந்தது காற்றுத் தாகத்துக்காக.

கெமிக்கல் ஸ்ப்ரே செட்

சாதாரண நிலக்கரிக்குப் பல சமயம் இது தேவையே இல்லை. பெட்கோக் எண்ணெய்ப் பசையோடு ஒட்டும், வெறும் தண்ணீருக்கு அசையாது. அதற்கு ஆல்கலைன் கிளீனர். சிமென்ட் படலத்துக்கு நீர்த்த அமிலம். அதற்கு முன் சிமென்ட்டைக் காய்ந்த நிலையிலேயே பெருக்கியும் ஊதியும் முடிந்தவரை எடுத்துவிட வேண்டும். தண்ணீர் பட்டால் ஹோல்டே கான்கிரீட் ஆகும், ஹோல்டின் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் லைனும்தான்.

செட்டில் மூன்று பாகம்: காற்றில் ஓடும் சின்ன டயாஃப்ரம் பம்ப், ட்ரம்மில் இறங்கும் உறிஞ்சு குழாய், நீட்டிச் சுருக்கும் கம்பும் விசிறி நாசிலும். தேர்வு செய்யும்போது கம்பைத்தான் அதிகம் பாருங்கள். அலுமினியக் கம்பு வேண்டாம், காரமும் அமிலமும் இரண்டுமே அலுமினியத்தைத் தின்னும். ஃபைபர் கிளாஸ் கம்பு 12 மீட்டர் வரை வளைந்து கொடுத்தாலும் வேலை செய்யும். அதற்கு மேல் நீட்டினால் நுனி ஆடும், திசை தவறும், பிடிப்பவர் முகத்தில் கெமிக்கல் சொட்டும். பம்பின் டயாஃப்ரம் டெஃப்லானில் இருக்கட்டும். சாதாரண ரப்பர் என்றால் அமிலத்துக்கு எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது.

அடிக்கும் முறை கழுவும் முறைக்கு நேர் எதிர். கீழிருந்து மேல். மேலிருந்து அடித்தால் வழியும் கெமிக்கல் காய்ந்த பரப்பில் கோடு கோடாய்த் தடம் விடும், அந்தத் தடத்தை எடுப்பது தனி வேலை. பொதுவாக 20 முதல் 30 நிமிடம் ஊறவிட்டு, ஏர் கன் கொண்டு மேலிருந்து கீழாக அலசுங்கள். துல்லியமான நேரமும் கலவை விகிதமும் தயாரிப்பாளர் தாளில் இருப்பதுதான். காய விடவே கூடாது. ஹேட்ச் திறந்து வெயில் நேராக விழும் பல்க்ஹெட்டில் ஊறும் நேரம் குறைந்துவிடும். அதனால் முழு ஹோல்டையும் ஒரே மூச்சில் அடிக்காமல் ஒரு பல்க்ஹெட், ஒரு பக்கச் சுவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

முகம் மூடும் வைசர், ரசாயன உடை, நீளக் கையுறை இல்லாமல் ட்ரம்மைத் திறக்க வேண்டாம். அதே பம்பில் முதலில் காரமும் பிறகு அமிலமும் ஓட்டுவதாக இருந்தால் நடுவில் நன்றாகத் தண்ணீர் ஓட்டுங்கள்.

ஆர்டர் போடும் முன் சப்ளையரிடம் ஒரு தாள் கேட்டு வாங்குங்கள்: இந்தக் கிளீனர், கப்பல் மாசைத் தடுக்கும் சர்வதேச ஒப்பந்தமான மார்போலின் ஐந்தாம் இணைப்பின்படி கடல் சூழலுக்குத் தீங்கானது அல்ல என்று தயாரிப்பாளர் எழுத்தில் தருவது. 2013 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, கிளீனர் தீங்கானது என்றால் அது கலந்த கழுவு நீரைக் கடலில் விட முடியாது. சரக்கின் மிச்சத்துக்கும் இதே நிபந்தனைதான், ஷிப்பரின் (சரக்கை அனுப்புபவர்) அறிவிப்பைப் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால், கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போது, கரையிலிருந்து 12 நாட்டிகல் மைலுக்கு அப்பால், சிறப்புப் பகுதிகளுக்கு வெளியே விடலாம். கப்பலின் கழிவுப் பதிவேடான கார்பேஜ் ரெக்கார்ட் புக்கின் இரண்டாம் பகுதியில் பதிய வேண்டும்.

மதிப்பெண் மூன்றரை. பெட்கோக்கும் சிமென்ட்டும் அடிக்கடி ஏற்றும் கப்பலுக்கு நான்கு.

எந்த கன் வாங்கினாலும் தண்ணீர் வெளியே போகாவிட்டால்

இரண்டு ஏர் கன், ஒவ்வொன்றும் மணிக்கு 25 டன் என்றால் உள்ளே வருவது 50 டன். வேகமாக ஓடும் நீரால் தேங்கிய நீரை உறிஞ்சி வெளியேற்றும் எடக்டர் 40 டன் இழுத்தால் மணிக்கு 10 டன் ஹோல்டில் தேங்கும். மூன்று மணியில் 30 டன் கறுப்புத் தண்ணீர் பின்கோடியில் அலைமோதும், கழுவிய ஹாப்பர் மறுபடி கறுக்கும். கன்னின் கொள்ளளவை எடக்டரின் கொள்ளளவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு இரண்டாவது கன்னை ஆர்டர் செய்யுங்கள்.

பல கப்பல்களில் எடக்டரை ஓட்டும் தண்ணீரும் கழுவும் தண்ணீரும் ஒரே ஜி.எஸ். (பொதுப்பணி) பம்பிலிருந்து வரும். எடக்டரைத் திறந்த கணமே கன்னில் அழுத்தம் சட்டென்று விழும், பழி கன்மேல் போகும். பைப்பிங் இடம் கொடுத்தால் ஃபயர் பம்ப் கழுவலுக்கு, ஜி.எஸ். பம்ப் எடக்டருக்கு என்று பிரித்துவிடுங்கள். தண்ணீர் சேரும் குழியான பில்ஜ் வெல் ஹோல்டின் பின்கோடியில் இருப்பதால் கப்பல் பின்பக்கம் தாழ்ந்த ட்ரிம்மில் இருக்க வேண்டும். பாலாஸ்ட் பிளானிலேயே அதற்கு இடம் விடுங்கள்.

கழுவத் தொடங்கும் முன் மண்வெட்டியால் அள்ளக்கூடியதை எல்லாம் அள்ளிவிட வேண்டும். பில்ஜ் கவர்மேல் ஒரு கம்பி வலை போட்டால் கரித்துண்டு, உறிஞ்சு குழாய் நுனியின் வடிகட்டியான ஸ்ட்ரம் பாக்ஸுக்குப் போகாது. முடிந்ததும் வெல்லைக் கையால் அள்ளிக் காயவைத்து, சக்‌ஷன் இழுக்கிறதா, நான்ரிட்டர்ன் வால்வு தண்ணீரைத் திருப்பி விடுகிறதா என்று சோதித்து, கவர்மேல் சாக்குத்துணி கட்ட வேண்டும். நிலக்கரி இறக்கிய ஹோல்டுக்குள் ஆள் இறங்கும் முன் ஆக்சிஜனும் மீத்தேனும் அளப்பது சொல்லாமலே நடக்க வேண்டிய காரியம்.

கடைசி அலசல் நல்ல தண்ணீரில். இதற்கு ஹைபிரஷர் மெஷின் போதாது, ஏர் கன் போதும். பெரிய டயாஃப்ரம் பம்ப் வைத்து டாங்கிலிருந்து எடுத்து ஒரு ஹோல்டுக்கு 20 முதல் 25 நிமிடம் அடித்தால் 8 முதல் 10 டன் செலவாகும், ஐந்து ஹோல்டுக்கு 40 முதல் 50 டன். நாளைக்கு 20 டன் தயாரிக்கும் ஃப்ரெஷ் வாட்டர் ஜெனரேட்டரை நம்பிக் கடைசி நாள் வரை இருக்க முடியாது. சரக்கு இறக்கும் துறைமுகத்திலேயே நீர் இருப்பைக் கணக்கிட வேண்டும். உப்பு போனதா என்று பார்க்க, சுவரில் சில்வர் நைட்ரேட் கரைசல் ஒரு சொட்டு விடுங்கள். பால்போல் வெளுத்தால் இன்னும் உப்பு இருக்கிறது.

மூன்றையும் ஒரே நேரத்தில் வாங்க முடியாதவர்களுக்கு வரிசை இது: ஸ்டாண்டோடு ஒரு ஏர் கன், பிறகு கெமிக்கல் செட், எடக்டர் தாங்கினால் இரண்டாவது ஏர் கன், ஹைபிரஷர் மெஷின் கடைசி. சர்வதேசக் கடல் தொழிலாளர் ஒப்பந்தமான எம்.எல்.சி.படி ஆளுக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி, ஏழு நாளில் 77 மணி ஓய்வு கொடுத்துக்கொண்டே நான்கு நாளில் ஐந்து ஹோல்ட் முடிய வேண்டும் என்பதையும் இந்த வரிசை கணக்கில் வைத்திருக்கிறது. ஸ்டாண்டில் பூட்டிய கன்னுக்கு இரண்டு பேர் போதும். கை ஹோஸ் என்றால் ஒரு ஹோஸுக்கே மூன்று பேர், அதுவும் மாற்றி மாற்றி.

கன் ஆர்டரோடு சேர்த்து இண்டென்டில் (பொருள் கேட்புப் பட்டியல்) எழுத வேண்டியவை: ஏர் கனுக்கு ஒரு மாற்று நாசில், நான்ரிட்டர்ன் வால்வு ஒன்று, கிளா கப்ளிங் வாஷர் இருபது, ஸ்டாண்ட் பூட்டும் போல்ட் செட் ஒன்று, கெமிக்கல் பம்புக்கு டயாஃப்ரமும் பால் வால்வும் சேர்ந்த கிட் இரண்டு, கம்பின் நடுத்துண்டு ஒன்று. முதலில் உடைவது நடுத்துண்டுதான்.